ஊரில் இருப்போருக்கு மருத்துவமும் அரசு உதவிகளும் சேர: பெங்களூர்த் தமிழருக்கு ஒரு வழிகாட்டி

பெங்களூரில் வேலை பார்க்கும் நம்மில் பலருக்குத் தருமபுரி, கிருஷ்ணகிரி, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் ஏதோ ஒரு கிராமத்தில் தாய் தந்தையரும் உறவினரும் இருக்கிறார்கள். எலக்ட்ரானிக் சிட்டியிலும் அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் உள்ள ஊர்க்காரர்கள் சேர்ந்து, சிறிது பணம் திரட்டி, ஊருக்கு ஏதாவது செய்யலாம் என்று பேசும்போது முதலில் எழும் யோசனை பெரும்பாலும் மருத்துவ முகாம்தான். நல்ல எண்ணம் என்பதில் ஐயமில்லை. ஆனால் முகாமில் ரத்த அழுத்தம் இருப்பதாகக் கண்டறியப்பட்ட ஒரு பாட்டிக்குப் பத்து நாள் மாத்திரை கொடுத்தால், பதினோராம் நாள் அவர் எங்கே போவார் என்ற கேள்விக்கு முகாம் நடத்தியவர்களிடம் பதில் இருப்பதில்லை. அந்த மாத்திரையை மாதாமாதம் இலவசமாகக் கொடுக்க அரசு ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. அது அந்தப் பாட்டியின் வாசலை எட்டவில்லை என்பதுதான் குறை. ஆகவே ஊருக்குப் புதிதாக எதையும் கொண்டுபோவதற்கு முன்னால், இருப்பது ஏன் எட்டவில்லை என்று கண்டுபிடித்து அதை எட்டச் செய்யுங்கள் என்பதே இந்த வேலையில் புதிதாக இறங்குவோருக்கு நான் சொல்ல விரும்புவது. அதைச் செய்யும் முறையை, நான் செய்யும் வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதலில், ஊருக்கு யார் பொறுப்பு என்று தெரிந்துகொள்ளுங்கள்

கர்நாடகத்தில் வாழ்ந்து பழகிய நமக்கு ஊர்ச் சுகாதாரம் என்றதும் ஆஷா பணியாளர் நினைவுக்கு வருவார். தமிழ்நாட்டில் ஆஷா பணியாளர்கள் பெரும்பாலும் மலைப்பகுதிகளிலும் எளிதில் போக முடியாத ஊர்களிலும் மட்டுமே இருக்கிறார்கள். மற்ற ஊர்களில் நீங்கள் தேட வேண்டியவர் கிராம சுகாதார செவிலியர். ஊரில் நர்சம்மா என்று சொன்னால் தெரியும். சமவெளியில் சுமார் 5,000 பேருக்கும் மலைப்பகுதியில் 3,000 பேருக்கும் ஒரு துணை சுகாதார நிலையம் என்பது விதிமுறை. அங்கே இவர் இருப்பார். அதற்கு மேல் 30,000 பேருக்கு, மலையில் 20,000 பேருக்கு, ஓர் ஆரம்ப சுகாதார நிலையம். அதன் மேல் வட்டார ஆரம்ப சுகாதார நிலையமும் வட்டார மருத்துவ அலுவலரும் உண்டு. இவர்களைத் தவிர, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாக வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை தரும் பெண் தன்னார்வலர் ஒருவர் இருப்பார். இந்தத் திட்டம் தொடங்கியதே நமக்குப் பக்கத்தில், கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில், 2021 ஆகஸ்ட் 5 அன்றுதான்.

உதவித்தொகை, சான்றிதழ் போன்றவற்றின் வழி வேறு. கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், அவருக்கு மேல் சமூகப் பாதுகாப்புத் திட்டத்துக்கான தனி வட்டாட்சியர் என்று அது போகும். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் சத்துமாவு முதலியவை அங்கன்வாடி வழியாக வரும். இந்த ஏழெட்டுப் பேரின் பெயர், கைபேசி எண், அவர்கள் ஊருக்கு வரும் நாள் ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி, அதன் நகலை ரேஷன் கடைச் சுவரிலும் அங்கன்வாடியிலும் ஒட்டினாலே பாதிக் குழப்பம் தீரும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் எந்தக் கிழமை என்ன நடக்கும் என்பதையும் அந்தத் தாளில் சேருங்கள். பொதுவாகச் செவ்வாய் கர்ப்பிணிகளுக்கும் புதன் தடுப்பூசிக்கும் உரிய நாள்கள். கண், பல், மனநலம் ஆகியவற்றுக்கான நாள்களை அந்தந்த நிலையத்தில் கேட்டே எழுத வேண்டும்.

ஊரில் ஒருவரும் ஒரு நோட்டுப் புத்தகமும்

பெங்களூரிலிருந்து தொலைபேசி மூலம் மட்டும் இந்த வேலையைச் செய்ய இயலாது. ஊரிலேயே இருக்கும் ஒருவர் வேண்டும். மகளிர் சுயஉதவிக் குழுவில் கணக்கு எழுதும் பெண், ஓய்வுபெற்ற ஆசிரியர், படித்துவிட்டு ஊரோடு இருக்கும் இளம்பெண் என்று யாராகவும் இருக்கலாம். என் அனுபவத்தில் பெண்களே இதற்குப் பொருத்தமானவர்கள். ஏனெனில் மற்ற பெண்கள் தங்கள் உடல் பற்றி ஓர் ஆணிடம் சொல்லமாட்டார்கள். அவருக்குப் போக்குவரத்துச் செலவும், மாதம் ஒரு சிறு ஊதியமும் கொடுங்கள். ஊர்ப்பற்றால் செய்வார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. களை எடுக்கப் போனால் கிடைக்கும் கூலியை விட்டுவிட்டு அவர் உங்களுக்காக நடக்கிறார்.

உள்ளூர்ப் பெண்களைக் கொண்டு எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்குத் தருமபுரி மாவட்டத்துச் சிட்லிங்கிப் பள்ளத்தாக்கே சான்று. 1993இல் மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதா ரெஜியும் அங்கே பழங்குடி மக்களிடையே ஒரு குடிசையில் மருத்துவப் பணியைத் தொடங்கியபோது, வெளியூரிலிருந்து செவிலியர்களை அழைத்து வராமல், அங்குள்ள பழங்குடிப் பெண்களையே பயிற்றுவித்தார்கள். அந்தப் பெண்களைக் கொண்டே அந்தப் பணி ஒரு மருத்துவமனையாக வளர்ந்தது. நம்மிடம் அவ்வளவு ஆற்றல் இல்லாமல் இருக்கலாம். ஆனால் ஊர்க்காரரை நம்பித் தொடங்கும் முறையை நாமும் பின்பற்றலாம்.

அந்த ஊர்ப்பொறுப்பாளர் செய்ய வேண்டிய முதல் வேலை வீடு வீடாகச் சென்று நோட்டில் எழுதுவது. வீட்டில் யார் யார், அறுபதைக் கடந்தவர் யார், தினமும் மாத்திரை சாப்பிடுபவர் யார், கர்ப்பிணி உண்டா, மாற்றுத்திறனாளி உண்டா, கணவனை இழந்தவர் உண்டா, ஏதேனும் உதவித்தொகை வருகிறதா, வந்து நின்றுபோனதா என்ற கேள்விகள் போதும். கூலிக்குப் போகிறவர்கள் பகலில் வீட்டில் இருக்கமாட்டார்கள் என்பதால் மாலை விளக்கு வைக்கும் நேரத்தில் போவது நல்லது. நோட்டு நிறையும் முன்பே, ஊரின் ஓரத்தில் இருக்கும் வீடுகளுக்குப் போயாகிவிட்டதா என்று நீங்கள் கேட்க வேண்டும். காலனியும், ஏரிக்கரையில் இருக்கும் இருளர் குடும்பங்களும், தோட்டத்து வீட்டில் தனியாக இருக்கும் கிழவரும்தான் எல்லாக் கணக்கெடுப்பிலும் விடுபடுகிறவர்கள். கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களோடு முடிந்துபோன கணக்கை ஊர்க்கணக்கு என்று நான் ஏற்கமாட்டேன்.

இன்னொன்றையும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். யாருக்கு என்ன நோய் என்ற விவரத்தை ஊர் வாட்ஸ்அப் குழுவில் ஒருபோதும் போடாதீர்கள். காசநோய், மனநோய், கருச்சிதைவு போன்ற செய்திகள் ஊரில் பரவினால் அந்தக் குடும்பம் அடுத்த முறை யாரிடமும் வாய் திறக்காது. நோட்டு ஊர்ப்பொறுப்பாளரிடம் இருக்கட்டும். உங்களுக்கு எண்ணிக்கையும், குடும்பத்தின் சம்மதத்தோடு குறிப்பிட்ட சிலரின் விவரமும் போதும்.

தாள்கள்: வேலையின் பெரும்பகுதி இங்கேதான்

முதியோர் உதவித்தொகை கிடைக்காதவர்களில் பலருக்குத் தகுதி இருந்தும் தாள் சரியில்லாமல் போயிருக்கும். தமிழ்நாட்டில் இந்தத் தொகை 2023 ஆகஸ்ட் முதல் மாதம் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஆதரவற்ற, அறுபது வயது கடந்த ஒருவருக்கு அது மாத மளிகைக்குச் சமம். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் அது கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் வழியாகத் தனி வட்டாட்சியரிடம் போகும். இந்த வழியில் எங்கே தடுக்கும் என்று முன்பே பார்த்துவிட்டுத்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

பெயரில் தொடங்குங்கள். ஆதாரில் முனியம்மாள், ரேஷன் அட்டையில் முனியம்மா, வங்கிப் புத்தகத்தில் எம். முனியம்மா என்று மூன்று விதமாக இருந்தால் அந்த விண்ணப்பம் எங்கோ ஒரு மேசையில் நின்றுவிடும். அடுத்து வயது. பிறந்த நாள் தெரியாதவர்களுக்கு ஆதார் எடுத்த அன்று ஏதோ ஓர் ஆண்டை உத்தேசமாகப் போட்டிருப்பார்கள். அறுபத்தைந்து வயதுக்காரர் தாளில் ஐம்பத்தெட்டாக இருப்பார். ஆதாரில் பிறந்த தேதியை ஒருமுறைதான் திருத்த அனுமதி என்பதால், எந்தச் சான்றை ஏற்பார்கள் என்று ஆதார் மையத்தில் முதலில் கேட்டுவிட்டு, அதைக் கையில் வைத்துக்கொண்டே திருத்தப் போகவேண்டும்.

பெங்களூரில் பிள்ளைகள் இருக்கும் குடும்பங்களுக்கே உரிய சிக்கல்களும் உண்டு. அம்மாவைச் சில மாதம் இங்கே வைத்திருந்தபோது கேஸ் இணைப்புக்காகவோ மருத்துவமனைக்காகவோ அவருடைய ஆதார் முகவரியைப் பெங்களூருக்கு மாற்றியிருப்போம். அவர் ஊருக்குத் திரும்பிய பிறகு, கிராம நிர்வாக அலுவலரின் கண்ணில் அவர் அந்த ஊர்க்காரரே அல்ல. ஆதாரோடு இணைந்த கைபேசி எண் மகனுடையதாக இருக்கும். இ-சேவை மையத்தில் அம்மா நிற்கும்போது ஒருமுறைக் கடவுச்சொல் (ஓ.டி.பி.) ஒயிட்ஃபீல்டில் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் மகனுக்கு வரும். அவர் பார்ப்பதற்குள் காலாவதியாகிவிடும். எந்த நேரத்தில் மையத்துக்குப் போகிறார்கள் என்று பேசி வைத்துக்கொண்டு அந்த அரைமணி நேரம் கைபேசியைக் கையில் வைத்திருப்பது, ஊருக்குச் செய்யும் உதவிகளில் செலவே இல்லாத உதவி.

வங்கிக் கணக்கிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஆதார் வழியாக வரும் அரசுப் பணம், கடைசியாக எந்த வங்கிக் கணக்கோடு நேரடிப் பயனுக்காக ஆதார் இணைக்கப்பட்டதோ அந்தக் கணக்குக்குப் போகும். இங்கே ஏதோ ஒரு வங்கியில் அம்மா பெயரில் கணக்குத் தொடங்கி இணைத்திருந்தால், ஊர்க் கணக்கில் பணம் வரவில்லை என்று அவர் அலைந்துகொண்டிருக்கும்போது இங்கே அது சேர்ந்துகொண்டிருக்கும். இரண்டு ஆண்டுகள் எந்தப் பரிவர்த்தனையும் இல்லாத கணக்கு செயலற்றதாகிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். ‘பணம் நின்றுபோச்சு’ என்று ஒருவர் சொன்னால், வட்டாட்சியர் அலுவலகத்துக்கு ஓடும் முன் வங்கிப் புத்தகத்தைப் பதிந்து பார்க்க வேண்டும்.

மருத்துவக் காப்பீட்டுக்கும் இதே கவனம் தேவை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். குடும்பம் என்பது ரேஷன் அட்டையில் உள்ளவர்கள். வருமானச் சான்று, ரேஷன் அட்டை, ஆதார் ஆகியவற்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள பதிவு மையத்துக்குப் போக வேண்டும். நெஞ்சுவலி வந்த பிறகு வருமானச் சான்றுக்கு விண்ணப்பிக்கும் நிலை யாருக்கும் வரக்கூடாது. உடல் நன்றாக இருக்கும்போதே அட்டையை வாங்கிவிடுங்கள். ஐயம் இருந்தால் 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்கலாம்.

மாற்றுத்திறனாளிகளுக்கு முதல் தாள் தனித்துவ அடையாள அட்டை. 2016ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. பார்வை, நடை ஆகியவற்றோடு அறிவுசார் குறைபாடும், நாள்பட்ட நரம்பு நோயும், தலசீமியாவும் அந்தப் பட்டியலில் உண்டு. ஊரில் வீட்டுக்குள்ளேயே வைத்திருக்கும் ஒரு பிள்ளைக்கு இந்த அட்டைக்குத் தகுதி இருப்பது பெற்றோருக்கே தெரியாமல் இருக்கும். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மருத்துவக் குழு கூடும் நாளைக் கேட்டு, அன்று வண்டி ஏற்பாடு செய்து நாலைந்து பேரைச் சேர்த்து அழைத்துப் போவதற்கு ஊர்ச் சங்கப் பணம் மிகப் பொருத்தமாகச் செலவாகும்.

மாத்திரை தொடர்ந்து கிடைக்க

நோட்டில் உள்ள ரத்த அழுத்த, சர்க்கரை நோயாளிகளின் பெயர்களைத் தன்னார்வலரின் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். விடுபட்டவர்களைக் கிராம சுகாதார செவிலியரிடம் சொன்னால், பெரும்பாலும் மனு இல்லாமலேயே சேர்த்துவிடுவார்கள். அவர்களுக்கும் பட்டியல் முழுமையாக இருப்பது நல்லது. குறை சொல்லும் தொனியில் போகாமல், ‘இந்த ஆறு பேர் விடுபட்டிருக்கிறார்கள், நீங்கள் வரும் நாளில் நாங்கள் அவர்களை ஓரிடத்தில் உட்கார வைக்கிறோம்’ என்று சொல்லுங்கள். ஒரே செவிலியர் பல குக்கிராமங்களுக்கு நடக்கிறார். அவருக்கு உட்கார ஒரு திண்ணையும் குடிக்கத் தண்ணீரும் இருக்கும் ஊருக்கு வருவது அவருக்கும் எளிது.

நாம் இங்கிருந்து மாத்திரை வாங்கிப் பேருந்தில் கொடுத்தனுப்பும் பழக்கத்தில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் அம்லோடிபின் என்ற பெயரில் வாங்கிய மாத்திரையும், நாம் இங்கே வேறொரு கம்பெனிப் பெயரில் வாங்கி அனுப்பியதும் ஒரே மருந்தாக இருக்கக்கூடும். இரண்டு அட்டைகளும் வேறு நிறத்தில் இருப்பதால் அப்பா இரண்டையும் சாப்பிடுவார். வீட்டில் உள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டுச் செவிலியரிடமோ மருத்துவரிடமோ காட்டச் சொல்லுங்கள். எதை நிறுத்துவது என்று முடிவு செய்ய வேண்டியவர் அவர்தான், நாம் அல்ல.

காசநோய்க்கு மருந்து எடுக்கும் கட்டடத் தொழிலாளர்கள் பெங்களூருக்கும் ஊருக்கும் இடையே போய்வருவார்கள். வழக்கமான காசநோய்ச் சிகிச்சை ஆறு மாதம் இடைவிடாமல் தொடர வேண்டியது. இங்கே தொடங்கிய சிகிச்சையை ஊருக்கு மாற்றித் தர முடியும். அவருடைய நிக்ஷய் எண்ணை, அதாவது காசநோய்ச் சிகிச்சைக்கான பதிவு எண்ணைச் சொல்லி, எந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மாற்ற வேண்டும் என்று இங்குள்ள மையத்திலேயே கேட்க வேண்டும். சிகிச்சைக் காலத்தில் சத்துணவுக்காக மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வரும்; 2024 நவம்பருக்கு முன் அது 500 ரூபாய்.

பேறுகாலம்

தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பது நம் வழக்கம். பெங்களூரில் இருக்கும் பெண் இங்கே கர்ப்பிணிகளுக்கான தாயி கார்டு வாங்கிப் பரிசோதனை செய்துகொண்டிருப்பார். ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து ஊருக்குப் போனதும் அங்கே செவிலியர் பிக்மி எண்ணை, அதாவது தமிழ்நாட்டில் கர்ப்பத்தைப் பதிந்ததும் தரும் எண்ணைக் கேட்பார். அந்த எண் இல்லாமல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதி உதவி கிடைக்காது, தமிழ்நாட்டில் பிறப்புச் சான்றிதழ் பெறுவதிலும் சிக்கல் வரும். ஆகவே பிரசவம் ஊரில்தான் என்று முடிவாகிவிட்டால், கரு உறுதியான முதல் மூன்று மாதத்துக்குள் ஊருக்கு ஒருமுறை போய்வரும்போதே கிராம சுகாதார செவிலியரிடம் பதிந்துவிடுங்கள். தகுதியுள்ள ஏழைத் தாய்மார்களுக்கு முதல் இரண்டு பேறுகளுக்குப் பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக 18,000 ரூபாய் மதிப்பில் இந்த உதவி வழங்கப்படுகிறது. தாய் பத்தொன்பது வயது நிறைந்தவராக இருக்க வேண்டும். இங்கே எடுத்த ஸ்கேன், ரத்தப் பரிசோதனைத் தாள்கள் அனைத்தையும் தாயி கார்டோடு சேர்த்து அனுப்ப மறக்காதீர்கள்.

அவசரத்தில் அழைக்கும் எண்

ஊரில் அப்பா மயங்கி விழுந்ததாகச் செய்தி வந்ததும் பதற்றத்தில் நாம் இங்கிருந்து 108ஐ அழைப்போம். அந்த அழைப்பு கர்நாடகக் கட்டுப்பாட்டு அறைக்குத்தான் போகும். இப்படிப்பட்ட குறுகிய எண்கள் அழைப்பவர் நிற்கும் மாநிலத்துக்கே இணைக்கும். அழைக்க வேண்டியவர் ஊரில் இருப்பவர். பக்கத்து வீட்டார் இருவருக்கும் ஊர்ப்பொறுப்பாளருக்கும் இதை முன்பே சொல்லி, ஊருக்கு வரும் வழியை எப்படிச் சொல்வது என்று பழக்கி வையுங்கள். எந்தச் சாலையில் எந்தக் கடைக்கு அடுத்து எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், மழைக்காலத்தில் எந்த வழி அடைபடும் என்பதை அவர்கள் தடுமாறாமல் சொல்ல வேண்டும்.

பாம்புக்கடி மருந்தும் நாய்க்கடித் தடுப்பூசியும் உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருப்பில் உள்ளனவா, இரவில் அங்கே யார் இருப்பார்கள் என்று முன்பே கேட்டு வையுங்கள். வண்டியே வர முடியாத மலையூர் என்றால் சாலைதான் முதல் மருத்துவ உதவி. 2023 மே மாதம் வேலூர் மாவட்டம் அல்லேரி மலையில் பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தை மருத்துவமனைக்குப் போய்ச் சேரும் முன்பே இறந்தது. சாலை இல்லாததால் ஆம்புலன்ஸ் பாதி வழியில் இறக்கிவிட, பெற்றவள் அந்த உடலைச் சுமந்துகொண்டு மலையேறினாள். அப்படிப்பட்ட ஊருக்கு நாம் ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி வாங்கிக் கொடுத்துத் திருப்தி அடையக்கூடாது. சாலைக்காக மனுக்கொடுப்பவர்களோடு நிற்க வேண்டும்.

மனு எழுதுவதும் தொடர்வதும்

பேசித் தீராதவற்றுக்கு மனுதான் வழி. பெங்களூரில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு நாள்கணக்குச் சிக்கல் உண்டு. சனிக்கிழமை விடியற்காலையில் போய் ஞாயிறு இரவு சாந்திநகருக்குத் திரும்பிவிடுவோம். அந்த இரண்டு நாளும் அலுவலகங்கள் மூடியிருக்கும். விடுப்பு எடுப்பதென்றால் வெள்ளியை விட்டுவிட்டுத் திங்களை எடுங்கள். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் திங்கள்கிழமைதான். அன்று கொடுக்கும் மனுவுக்கு எண்ணோடு ஒப்புகைச் சீட்டு தருவார்கள். அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நேரில் போக முடியாவிட்டால் முதல்வரின் முகவரி இணையதளத்தில் இங்கிருந்தே பதியலாம்.

ஒரு மனுவில் ஒரே ஒரு குறை இருக்கட்டும். சாலை, குடிநீர், மாத்திரை, உதவித்தொகை எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதினால் அது எந்தத் துறைக்கும் உரியதாகாமல் சுற்றும். ‘சுகாதார வசதி செய்துதர வேண்டும்’ என்று பொதுவாக எழுதுவதாலும் பயனில்லை. மாதிரிக்கு இப்படி எழுதலாம்: ‘எங்கள் குக்கிராமத்தில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை பெறத் தகுதியுள்ளோர் 23 பேர். இவர்களில் 14 பேருக்குக் கடந்த ஆறு மாதமாக வீட்டில் மாத்திரை வழங்கப்படவில்லை. ஆரம்ப சுகாதார நிலையம் 9 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. காலையில் வரும் ஒரே நகரப் பேருந்து வெளிநோயாளர் நேரம் முடிந்த பிறகுதான் திரும்புகிறது. எனவே மாதம் ஒருமுறை எங்கள் குக்கிராம அங்கன்வாடியில் இவர்களுக்கு மாத்திரை வழங்க ஆவன செய்யுமாறு வேண்டுகிறோம். பெயர்ப் பட்டியல் இணைப்பில் உள்ளது.’ எண்ணிக்கை, தொலைவு, கேட்பது என்ன, அதை எங்கே செய்ய முடியும் என்ற நான்கும் இதில் இருக்கின்றன. பெயர்ப் பட்டியல் தருவதற்கு முன் அந்தந்த நபரின் சம்மதம் வாங்கியிருக்க வேண்டும். கையெழுத்திடுபவர்கள் ஊரில் வாழ்பவர்களாக இருப்பது முக்கியம். பெங்களூர் முகவரியோடு வரும் மனுவுக்கு அலுவலகத்தில் எடை குறைவு.

கிராம சபையை விட்டுவிடாதீர்கள். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கிராம சபை கூடுகிறது. இவற்றில் நவம்பர் 1 கர்நாடக ராஜ்யோத்சவம் என்பதால் இங்கேயும் விடுமுறை. மார்ச் 22 தவிர மற்றவை எப்படியும் விடுமுறைதான். ஆகவே வேலையைக் காரணம் காட்டாமல் ஆண்டுக்கு ஐந்து முறை நாம் போய் உட்காரலாம். பேசுவதை ஊரில் வாழும் பெண்களிடம் விட்டுவிட்டு, தீர்மானம் அப்படியே எழுதப்படுகிறதா என்று பாருங்கள். எழுதாத பதிவேட்டில் யாரும் கையெழுத்துப் போட வேண்டாம். 2019 டிசம்பரில் ஊராட்சித் தேர்தல் நடந்த மாவட்டங்களில் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்து, பொறுப்பு தனி அலுவலர்களிடம் போனது. எனவே இப்போது உங்கள் ஊராட்சிக்குப் பொறுப்பு யார் என்பதை ஒன்றிய அலுவலகத்தில் உறுதிப்படுத்திக்கொண்டு அவரிடமே மனுவைக் கொடுங்கள். ஊரில் கிராம சுகாதாரம், குடிநீர், துப்புரவு மற்றும் ஊட்டச்சத்துக் குழு என்று ஒன்று தாளிலாவது இருக்கும். அதில் உறுப்பினர்கள் யார், கடைசியாக எப்போது கூடியது என்று சபையில் கேட்பது நல்ல தொடக்கம்.

பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, உங்கள் மனுவின் மேல் எடுத்த நடவடிக்கை என்ன என்று பொதுத் தகவல் அலுவலரிடம் கேட்கலாம். முப்பது நாளுக்குள் அவர் பதில் தர வேண்டும். ஆனால் இதை முதல் ஆயுதமாக எடுக்காதீர்கள். அடுத்த மாதமும் அதே செவிலியரிடமும் அதே அலுவலரிடமும்தான் ஊர்க்காரர்கள் போய் நிற்கவேண்டும்.

பெங்களூருக்கு வரும் நோயாளிகள்

நிம்ஹான்ஸ், கித்வாய், ஜெயதேவா என்று ஊரிலிருந்து பெரிய சிகிச்சைக்கு வருபவர்கள் நம் வீட்டில்தான் தங்குவார்கள். அவர்கள் புறப்படும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: இங்கே வரத்தான் வேண்டுமா? தருமபுரியில் 2008 முதலும் கிருஷ்ணகிரியில் 2022 ஜனவரி முதலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. அங்கேயே முடியக்கூடிய சிகிச்சைக்கு இங்கே வந்தால் காப்பீடும் போய், கூலியும் போய், துணைக்கு வருபவரின் வேலையும் போகும். தமிழ்நாட்டுக் காப்பீட்டு அட்டை இங்குள்ள மருத்துவமனையில் செல்லும் என்று எண்ணிக்கொண்டு வந்துவிடாமல், அந்த மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் நீங்கள் முன்னதாகவே போய்க் கேட்டுச் சொல்லுங்கள்.

வந்தே தீர வேண்டியவர்களுக்கு, மொழிபெயர்ப்பதோடு நம் வேலை முடிவதில்லை. வலிப்புக்கோ மனநோய்க்கோ நிம்ஹான்ஸில் மருந்து எழுதிக் கொடுத்ததும், அந்த மருந்து வாங்க மாதாமாதம் இங்கே வரவேண்டும் என்று குடும்பத்தார் நினைத்துக்கொள்கிறார்கள். நாலு மாதம் வருவார்கள், ஐந்தாம் மாதம் கையில் காசு இருக்காது. வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு முன்னைவிடக் கடுமையாக வரக்கூடும். ஆகவே இங்குள்ள மருத்துவரிடம், மருந்துகளைப் பொதுப்பெயரில் எழுதித் தரும்படியும், ஊரில் மாவட்ட மனநலத் திட்ட மருத்துவருக்கு ஒரு கடிதம் தரும்படியும் கேளுங்கள். அந்தத் திட்டத்தின் மனநல மருத்துவர் எந்தக் கிழமை எந்த அரசு மருத்துவமனைக்கு வருகிறார் என்பதை ஊர்ப்பொறுப்பாளர் கேட்டு வைத்தால், அடுத்த மாத மாத்திரை ஊரிலேயே கிடைக்கும். இடையில் பேச யாராவது தேவைப்பட்டால் 14416 என்ற எண்ணில் தமிழிலேயே பேசலாம். 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய இந்தத் தொலைபேசிச் சேவைக்கு நிம்ஹான்ஸ்தான் தலைமை மையம்.

பணம் இருந்தால்

பணத்தைக் கடைசியில் எழுதுவதற்குக் காரணம், இதுவரை சொன்னவற்றில் பெரும்பாலானவற்றுக்கு அது தேவைப்படவில்லை என்பதுதான். ஊர்ப்பொறுப்பாளரின் ஊதியம், மருத்துவக் குழு நாளுக்கு வண்டி, நகல் எடுக்கும் செலவு ஆகியவற்றுக்குப் பிறகும் கையில் மிஞ்சினால், துணை சுகாதார நிலையத்துக்குச் சுற்றுச்சுவர், கழிவறை, குடிநீர் போன்ற நிலையான ஒன்றைச் செய்யலாம். நமக்கு நாமே திட்டத்தில் மக்கள் பங்காக மூன்றில் ஒரு பங்கைக் கட்டினால் மீதியை அரசு போடுகிறது. ஆட்சியர் அலுவலகத்தில் ஊரக வளர்ச்சி முகமையில் கேட்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் பொருள் வாங்கித் தருவதென்றால் அங்குள்ள நோயாளர் நலச் சங்கம் வழியாகக் கொடுத்து, இருப்புப் பதிவேட்டில் ஏறியதைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

முகாமும் நடத்தலாம், இவையெல்லாம் நடந்த பிறகு. அப்போது அதற்கு வரும் மருத்துவருக்கு ஊர்நோட்டு உதவும். புதிதாகக் கண்டறியப்படும் ஒவ்வொருவரையும் அன்றே கிராம சுகாதார செவிலியரின் பட்டியலில் சேர்க்க அவரையும் முகாமுக்கு அழைத்து உட்கார வையுங்கள். முகாமுக்கு நாள் குறிக்கும் முன் அவரிடமும் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடமும் கேட்டுக்கொண்டு, தடுப்பூசி நாளான புதனைத் தவிர்த்துவிடுங்கள்.